இரண்டு விரல் தள்ளி நின்ற தூண்கள்

சுனாமி வந்துபோய் நாலைந்து வருடம் ஆகியிருக்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சுற்றுலா விடுதியில் பெரிய விழா மண்டபம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் இது நடந்தது. நான் அப்போது சென்னையில் ஒரு சின்ன சர்வே கம்பெனியில் வேலை பார்த்தேன். வீடு ஊரப்பாக்கத்தில். காலையில் மின்சார ரயிலில் தொற்றிக்கொண்டு செங்கல்பட்டு போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வேலையிடத்துக்குப் போவேன். மெஷின் மட்டும் கம்பெனி வேனில் சொகுசாக வந்து இறங்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப் பிராணி. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். காய்கறிக்காரர் தராசை நான் பார்க்கிற பார்வைக்கே அவர் கூட ஒரு கத்தரிக்காய் போட்டுவிடுவார். வீட்டில் எனக்கு சிஐடி என்றுதான் பெயர். இந்தக் குணத்துக்கு ஏற்றபடியே வேலையும் அமைந்தது. அடுத்தவர் கட்டியது சரியாக இருக்கிறதா என்று சந்தேகப்பட்டு அளப்பது, அதற்கு மாதச் சம்பளம் வாங்குவது.

எங்கள் மெஷின் அப்போது இந்தப் பக்கத்துக்குப் புதுசு. முக்காலி மேல் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சுற்றும். கண்ணுக்குத் தெரியாத லேசர் கதிரை எல்லாப் பக்கமும் வீசி, சுவர், தூண், சாரம் என்று எதன் மேல் பட்டாலும் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து கடைசியில் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டடமே நிற்கும். வரைபடத்தில் உள்ளதையும் கட்டியதையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும்.

மண்டபத்துக்குக் கான்கிரீட் தூண்கள் எழும்பியிருந்தன. சாலைப் பக்கம் ஒரு வரிசை, கடல் பக்கம் ஒரு வரிசை. மேலே உட்கார வேண்டிய இரும்புக் கூரையைத் தொழிற்சாலையில் வெட்டித் தயார் செய்து லாரியில் கொண்டுவரப் போகிறார்கள். தூண்கள் தள்ளி நின்றால் கூரை உட்காராது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

போய் இறங்கியதுமே அந்த இடத்துக் காற்றில் ஏதோ சரியில்லை என்று பட்டது. சுனாமிக்குப் பிறகு அந்தக் கடலோரத்தில் முக்காலியோடு யார் வந்தாலும் மக்களுக்குப் பயம் வந்துவிடும். கடலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் இருக்கிற வீட்டையெல்லாம் காலி செய்யச் சொல்வார்களாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். வேலி ஓரமாக வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, "இன்னாம்மா, கவருமெண்டு ஆளா? எங்க வூட்டயும் சேத்து அளக்குதா இது?" என்று கேட்டார். மண்டபத்தை மட்டும்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அன்று முழுக்க வேலிக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்து மெஷினை முறைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தூண்களைக் கட்டியவர் ஒரு மேஸ்திரி. உள்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்து, தன் ஆட்களை வைத்துக் கூலி ஒப்பந்தத்தில் வேலை எடுத்திருந்தார். இத்தனை பெரிய வேலை அவருக்கு அதுதான் முதல் தடவை. அவரும் அவர் மனைவியும் வேலையிடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். அந்த அக்கா காலையிலும் மாலையிலும் குழாயைப் பிடித்துக்கொண்டு தூண்களுக்குத் தண்ணீர் அடிப்பார். சாக்குச் சுற்றிய தூண்களைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல அவ்வளவு பொறுமையாக நனைப்பார்.

மேஸ்திரி மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னா மேடம் இது, தானா சுத்திகினே கீது? நாங்க கட்னது மேல நம்பிக்க இல்லாம யாரு இத்த வரவச்சது?" என்றார். விடுதி நிர்வாகம்தான் என்றேன். அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. பிறகு குரலைத் தாழ்த்தி, கட்டட மேனேஜருடைய மச்சான் ஒருவர் ஒப்பந்தக்காரர் என்றும், தன்னைத் துரத்திவிட்டு மீதி வேலையை அவருக்குக் கொடுக்கத்தான் இந்தக் கூத்து என்றும் சொன்னார். "நீங்க இன்னா எழுதிக் குடுக்கப்போறீங்கன்னு அவுருக்கு இப்பவே தெரியும்" என்று முடித்தார். எனக்குச் சுருக்கென்றது.

அந்த மேனேஜர் அதற்கு ஏற்ற மாதிரியே நடந்துகொண்டார். வெளியூர்க்காரர். தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிமெண்டுக்கு நடுவில் நடமாடுவார். டீ வந்தபோது என் பக்கம் சாய்ந்து, "கடல் பக்கத்து வரிசையைக் கொஞ்சம் உன்னிப்பா பாருங்க மேடம். எனக்கு அங்கதான் சந்தேகம்" என்றார். அளப்பதற்கு முன்பே எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அனுபவம் என்று கையை ஆட்டினார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஒரே இடத்தில் மெஷினை வைத்தால் எல்லாத் தூணும் தெரியாது. நடுவில் ஜல்லிக் குவியல், சாரம், பலகை அடுக்கு. அதனால் மெஷினை ஒருமுறை சாலைப் பக்கமும் ஒருமுறை கடல் பக்கமும் வைத்து அளந்து, பிறகு இரண்டையும் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு ஒரு பொது அடையாளம் வேண்டுமே, அதற்காக வெள்ளைப் பந்துகள் வைத்திருப்போம். சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் பெரியது, அடியில் கனமான தட்டு. இரண்டு பக்கமிருந்தும் தெரிகிற இடங்களாகப் பார்த்து, பழைய கிணற்றுச் சுவர், தண்ணீர்த் தொட்டி, மதில் என்று அங்கங்கே வைத்து, சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டேன். வேலை முடிகிறவரை அவை அசையக் கூடாது. அவை அசைந்தால் மெஷின் சொல்வதெல்லாம் பொய்.

இது என்னம்மா பந்து என்று மேஸ்திரியின் மனைவி கேட்டார். அவரிடம் ஒழுங்காக விளக்கியிருக்கலாம். ஆனால் என் புத்தி திருட்டுப் பயத்தில் இருந்தது. "இதெல்லாம் வெளிநாட்டுச் சாமான்க்கா, ஒவ்வொண்ணும் ரொம்ப விலை. காணாமப் போனா என்னைத்தான் கேட்பாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் கண் விரிந்தது. சரிம்மா, நான் பாத்துக்கறேன் என்றார்.

சாலைப் பக்கம் அளந்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை. கடல் பக்கத்தை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பந்துகளை அப்படியே விட்டுவிட்டு மெஷினை வேனில் ஏற்றினேன். எங்கள் அலுவலகத்திலும் பூஜை போட்டோம். மெஷின் பெட்டிக்கு நானே சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை தின்றேன்.

விடுமுறை முடிந்து போனேன். சாக்பீஸ் வட்டங்கள் அழிந்திருந்தன. மழை அழித்திருக்கும் என்று நினைத்தேன். பந்துகள் வைத்த இடத்தில் வைத்தபடி வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தன. கடல் பக்கத்தை அளந்து, பந்துகளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். முடிவு வருகிறவரை அவற்றை எடுக்க மாட்டேன், அது என் பழக்கம்.

இரண்டு நாளில் அலுவலகத்தில் கணக்குப் போடுகிற பையனிடமிருந்து முடிவு வந்தது. கடல் பக்கத்துத் தூண்கள் வரிசையாக இரண்டு விரல் அகலம் வெளியே தள்ளி நிற்கின்றன என்றான். எந்த வரிசை மேல் சந்தேகம் என்று மேனேஜர் சொன்னாரோ, அதே வரிசை.

அலுவலகத்திலிருந்தே அறிக்கையை மேனேஜருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வேலையிடத்துக்குப் போனபோது அங்கே பெரிய ரகளை. மேனேஜர் அந்தத் தூண்களை மறுநாள் காலையில் உடைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உடைக்கிற செலவு மேஸ்திரி தலையில், அன்றோடு அவர் வேலையும் காலி. மேஸ்திரிக்கு முகம் கறுத்துவிட்டது. "இந்த வேல கையவுட்டுப் போச்சுன்னா இந்த ரோட்டுல எவன் சார் எனக்குத் தூணு குடுப்பான்? பெருமையாப் பேசி ஆளுங்கள இட்டாந்து வெச்சுகினு கீறேன்" என்றார். டேப் பிடித்து இப்போதே அளந்து பார்க்கலாம் என்று துடித்தார். இந்தக் குவியலுக்கு மேல் டேப் நேராக எப்படி நிற்கும், அதுவும் இரண்டு முனையையும் பிடிப்பது உன் ஆட்கள்தானே என்றார் மேனேஜர். மெஷினைப் பிடித்தது யாரு, உங்க ஆளுதானே என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அட, நீயுமா என்கிற மாதிரி இருந்தது. எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் சிஐடி மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. முதலில் மேஸ்திரி மேல்தான் சந்தேகம். பலகை அடைப்புக்குச் சரியாக முட்டுக் கொடுக்காமல் கான்கிரீட் போட்டிருப்பார், இப்போது நடிக்கிறார் என்று நினைத்தேன். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அது மாறிவிட்டது. ஒரு தூண் தள்ளிப்போகலாம், இரண்டு போகலாம். வரிசை மொத்தமும் சொல்லிவைத்த மாதிரி ஒரே அளவு தள்ளிப்போகுமா? அதுவும் மேனேஜர் முன்கூட்டியே சொன்ன வரிசை? அப்படியானால் தூண் நகரவில்லை, பந்து நகர்ந்திருக்கிறது. விடுமுறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். யாருக்கு லாபமோ அவர்தான் நகர்த்தியிருப்பார்.

செங்கல்பட்டில் இறங்கியதும் முதல் வேலையாக அலுவலகப் பையனுக்குப் போன் போட்டேன். இரண்டு பக்கத்து அளவிலும் பந்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனதா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒத்துப்போகலக்கா. அவசரம்னு சொன்னாங்க, அதான் அட்ஜஸ்ட் பண்ணி ஒட்டிட்டேன்" என்றான். அவனை அங்கேயே போனுக்குள் கையை விட்டு அறையலாம் போலிருந்தது. மேனேஜருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. எங்கள் முதலாளிக்குச் செய்தேன். கொடுத்த அறிக்கையைத் திரும்ப வாங்குவதா, கம்பெனி பெயர் என்ன ஆவது, நேரில் போய் நிச்சயம் பண்ணிவிட்டுப் பேசு என்றார்.

மறுநாள் முதல் ரயிலில் கிளம்பினேன். செங்கல்பட்டில் பஸ் நகர்வதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. போய்ச் சேர்ந்தபோது கான்கிரீட்டை உடைக்கிற கம்ப்ரசர் வந்து நின்றிருந்தது. உடைக்கிற ஆட்கள் கடல் பக்கத்து முதல் தூணில் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கொட்டகை வாசலில் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் ஆட்களில் பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். அவர் மனைவி அன்றும் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு அந்தத் தூண் பக்கம் போனார். உடைக்கப்போற தூணுக்கு எதுக்கும்மா தண்ணி என்று யாரோ சிரித்தார்கள். அவர் காதில் வாங்காமல் நனைத்துக்கொண்டிருந்தார்.

நான் மேனேஜரிடம் ஓடிப்போய், நிறுத்துங்கள், அளவில் சந்தேகம் இருக்கிறது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணா? மேஸ்திரி நேத்து உங்களை வந்து பாத்தாரா மேடம்?" என்றார். அதாவது, நான் விலைபோய்விட்டேனாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீங்கள்தானே பந்துகளை நகர்த்தினீர்கள் என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். கையில் ஆதாரத்தோடு கேட்போம் என்று கிணற்றடிக்குப் போய், சுவர் மேலிருந்த பந்தைத் தட்டோடு தூக்கித் திருப்பினேன்.

பந்துக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் மஞ்சளாக என்னவோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சந்தனம். அதன் மேல் ஒரு துளி குங்குமம். அடுத்த பந்துக்கு ஓடினேன். அதிலும் சந்தனம், குங்குமம், கூடவே ஒரு சாமந்தி இதழ். மேனேஜர் திட்டம் போட்டு நகர்த்துகிறவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பொட்டு வைத்தா நகர்த்துவார்?

மேஸ்திரியின் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமாம்மா, நாந்தான் வெச்சேன். கரண்டி, ரசமட்டம், தூக்குகுண்டு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு வரிசயா அடுக்கனமா, இத்த மட்டும் உட்டா நல்லாவா இருக்கும்? நம்ம தூண அளக்கற சாமானாச்சே" என்றார். எங்கே அடுக்கினீர்கள் என்று கேட்டேன். கொட்டகைக்குள் சாமி படத்துக்கு முன்னால் என்றார். "நீங்கதான சொன்னீங்க ரொம்ப வெலன்னு. ரெண்டு நாளு ஆளு இல்லாத எடத்துல எப்டிம்மா வுட்டு வெக்கறது? வூட்டுக்குள்ளயே வெச்சுகினு படுத்தேன். லீவு முடிஞ்ச அன்னிக்குக் காத்தாலயே ஈரத்துணில தொடச்சு, எது எது எங்க இருந்துச்சோ அங்கங்க வெச்சுட்டேனே. ஒண்ணுகூட மாத்தல."

மாற்றவில்லைதான். கிணற்றுப் பந்து கிணற்றில், தொட்டிப் பந்து தொட்டியில். ஆனால் நான் வைத்த புள்ளியிலிருந்து இரண்டு விரல் இப்படி, மூன்று விரல் அப்படி. வேறு எந்தச் சாமானாக இருந்தாலும் அதைவிடப் பத்திரமாக யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேஸ்திரிக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. "நாந்தான் கற்பூரம் காட்டனேன் மேடம், அந்தப் பந்துங்களுக்கும் சேத்து" என்றார். குரல் உடைந்துவிட்டது. தன்னால்தான் புருஷன் பிழைப்பு போகவிருந்தது என்று தெரிந்ததும் அந்த அக்கா அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கள் மெஷினுக்கு நானும்தான் பொட்டு வைத்தேன் அக்கா, இந்தப் பந்து நகரக் கூடாது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அது என் வேலை என்றேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

மேனேஜருக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. எல்லோரும் சேர்ந்து கதை கட்டுகிறோம் என்றே நினைத்தார். மறுபடி முழுசாக அளப்போம், அளந்து முடிகிறவரை கம்ப்ரசரை நிறுத்திவையுங்கள், தப்பென்றால் அதற்கு நான் பொறுப்பு என்று சொன்ன பிறகுதான் அரைமனதாக ஒத்துக்கொண்டார். வேன் வந்தது. அன்றைய காட்சியை யாராவது படம் பிடித்திருக்க வேண்டும். யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லாததால் பந்துக்கு ஓர் ஆள் காவல். கிணற்றுப் பந்துக்கு மேனேஜரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார், வெள்ளைச் சட்டை வியர்வையில் ஊறியது. தொட்டிப் பந்துக்கு மேஸ்திரி. மதிலில் இருந்ததற்கு, யாரும் கேட்காமலேயே, வேலிக்கு அந்தப் பக்கத்து வலைக்காரர். "எவனாவது தொட்டா சொல்றேம்மா" என்றார். அந்த அக்கா மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரவே இல்லை.

சாலைப் பக்கமும் கடல் பக்கமும் ஒரே மூச்சில் அளந்தேன். இந்தத் தடவை அலுவலகத்துக்குப் போய்ப் பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து, முதலில் பந்துகளைப் பார், பிறகு தூண்களைப் பார் என்று பார்க்கவைத்தேன். பந்துகள் கச்சிதமாக ஒத்துப்போயின. தூண்கள் எல்லாம் அனுமதித்த அளவுக்குள் இருந்தன. மூலையில் இருந்த ஒன்று மட்டும் நூலளவு சாய்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் உண்மையிலேயே சதி செய்ய நினைத்தாரா, இல்லை வாயில் வந்ததைச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கு மச்சான் என்று ஒருவர் இருந்தாரா என்பதே சந்தேகம்தான்.

புதிய அறிக்கையைக் கொடுக்கப் போன அன்று, மேஸ்திரி என்னை பஸ் நிறுத்தம் வரை வந்து வழியனுப்பினார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல். அவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க அன்னிக்கு வந்துட்டீங்க மேடம், சரி. செங்கல்பட்டுல பஸ்ஸு கெடைக்காம ஒரு மணி நேரம் லேட்டாயிருந்தா?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

உடைத்த பிறகு தெரிந்திருந்தால் அந்தத் தூணை யார் கட்டித் தருவார்கள், அந்த மனிதரின் பெயரை யார் திருப்பித் தருவார்கள்? சந்தேகப்படுவதை நான் இன்னும் விடவில்லை, இந்த வேலையில் விடவும் முடியாது. ஆனால் நான் சொல்லப்போகிற ஒவ்வோர் அளவுக்கும் பின்னால் யாரோ ஒருவர் கொட்டகை வாசலில் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருக்கலாம் என்கிற பயம் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.